உபதேசியார் மறந்த பேர்

ராயப்பராஜுக்கு ஆள் மறக்காது, பேர்தான் மறக்கும். இதைச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். "எம் மக கணக்குல போனது ஞாபகம் இருக்கு, எம் பேரு மட்டும் ஞாபகம் இல்லையாக்கும்?" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். என்ன செய்வது, அதுதான் உண்மை. உங்கள் மகள் எத்தனை மார்க்கில் போனாள், உங்களுக்குச் சர்க்கரை எவ்வளவு, உங்கள் வீட்டு மோட்டார் எந்த மாதம் புகைந்தது, எல்லாம் அந்த மண்டைக்குள் பத்திரமாக இருக்கும். பேர் மட்டும் ஓட்டைச் சாக்கில் கொட்டிய கடுகு மாதிரி எங்கே சிந்தியது என்றே தெரியாமல் போய்விடும்.

அப்படிப்பட்ட மனிதருக்கு வாய்த்த வேலையைப் பாருங்கள். திண்டுக்கல்லின் வடக்கு ஓரத்தில், கரூர் ரோட்டை ஒட்டிய ஒரு சின்னப் பங்குக் கோயிலில் இருபத்தேழு வருடமாக அவர் உபதேசியார். சாமியாருக்கு அடுத்தபடி கோயிலைப் பார்த்துக்கொள்கிற ஆள். மணி அடிப்பது, பாட்டு எடுத்துக் கொடுப்பது, கல்யாண அறிவிப்பு ஓலை எழுதுவது எல்லாம் அவர் பொறுப்பு. எல்லாவற்றுக்கும் மேலே, தினமும் காலைப் பூசைக்கு முன்னால் மைக்கைப் பிடித்து, இன்றைய பூசை யாருக்காக என்று வாசிக்க வேண்டும். "மரித்த இன்னாருடைய ஆன்மா நித்திய இளைப்பாற்றி அடையும்படியாக." அந்த இன்னார் என்ற இடத்தில் ஒரு பேர் வந்தாக வேண்டும். நீச்சல் தெரியாதவனைக் குளத்துக்குக் காவல் போட்ட கதைதான்.

சொந்த ஊர் எரியோட்டுக்குப் பக்கம். முருங்கை போட்ட குடும்பம். படித்து முடித்த கையோடு வடமதுரையில் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராகச் சேர்ந்தார். பிள்ளைகளுக்கு அவரை ரொம்பப் பிடிக்கும். ஒருத்தனைச் சன்னலோரம் என்பார், ஒருத்தனை ரெட்டைச் சுழி என்பார். அதுகளும் சிரித்துக்கொண்டே எழுந்து நிற்கும். பெற்றோர் கூட்டத்தன்றுதான் மாட்டினார். வந்தவர்களுக்கெல்லாம் "பையன் நல்லா படிக்கிறான், கையெழுத்துதான் கொஞ்சம் பாத்துக்கணும்" என்று ஒரே மந்திரத்தைச் சொல்லிக்கொண்டே போனார். ஒரு அம்மா எழுந்து தலைமையாசிரியரிடம் போய், எனக்குப் பையனே கிடையாது, இங்கே படிப்பது என் மகள் என்றார். ஆறு மாதத்தில் அந்த வேலை முடிந்தது.

அதுகூடப் பரவாயில்லை. கல்யாணத்தன்று நடந்ததுதான் வீட்டுக்குள் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிற கதை. நம் கோயிலில் தாலி கட்டுமுன் மாப்பிள்ளை பெண்ணின் கையைப் பிடித்து, "இன்னார் ஆகிய நான், இன்னார் ஆகிய உன்னை" என்று வாக்குக் கொடுக்க வேண்டும் அல்லவா? ராயப்பராஜ் கையைப் பிடித்தார். தன் பேரைச் சரியாகச் சொன்னார். அடுத்த பேர் வரவில்லை. சாமியார் பார்க்கிறார், மாமனார் பார்க்கிறார், வீடியோக்காரன் லைட்டை முகத்துக்கு நேரே பிடிக்கிறான். வேர்த்து ஊற்றுகிறது. அப்போது முக்காட்டுக்குள்ளிருந்து, உதடு அசையாமல், "டெய்சி" என்று ஒரு குரல் வந்தது. அவ்வளவுதான், மடமடவென்று மீதியைச் சொல்லி முடித்துவிட்டார்.

அன்றிலிருந்து டெய்சிதான் அவருக்குப் பேர்ப்புத்தகம். எந்த விசேஷத்துக்குப் போனாலும் ஒரு எட்டு முன்னால் நடப்பாள். எதிரே யார் வந்தாலும், "அடடே, அன்புக்கரசி டீச்சரா, நல்லா இருக்கீங்களா?" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி சொல்வாள். பின்னாலிருந்து இவர், "வாங்க டீச்சர், வீட்ல எல்லாம் சௌக்கியமா?" என்று எடுத்துக்கொள்வார். டெய்சி இல்லாத நேரத்தில் ஆம்பளைகள் எல்லாரும் அப்பு, பெண்கள் எல்லாரும் தங்கச்சி. வயதான பெண்கள் அக்கா. இதைக் கேட்டுப் பாதி ஊர் அவரை அன்பான மனிதர் என்றது, மீதி ஊர் தலைக்கனம் பிடித்த ஆள் என்றது. ரெண்டும் இல்லை. மனிதர் பயந்துபோய்க் கிடந்தார், அவ்வளவுதான். யாராவது தூரத்தில் கையை ஆட்டினாலே பக்கத்துச் சந்துக்குள் நுழைந்துவிடுவார். உன் பேர் மறந்துபோச்சு என்று ஒருத்தரிடம் சொல்வதும், நீ எனக்கு ஒரு பொருட்டே இல்லை என்று சொல்வதும் ஒன்றுதான் என்று அவராகவே முடிவுகட்டிக்கொண்டார். அதனால் ஐம்பத்தெட்டு வயதுவரை அந்த ஒரு வார்த்தையை அவர் வெளியாள் யாரிடமும் சொன்னதில்லை.

இந்த ஐப்பசியில் டெய்சி, மகள் லிடியாவின் பிரசவத்துக்குக் கோயம்புத்தூர் போய்விட்டாள். ராயப்பராஜ் காலைச் சாப்பாட்டுக்குச் செபாஸ்தியம்மாள் கடைக்குப் போனார்.

கடை என்றால் கோயில் தெருவில் வீட்டு வாசலிலேயே ஒரு அடுப்பு, ரெண்டு பெஞ்சு. செபாஸ்தியம்மாள் என்று சொன்னால் அந்தத் தெருவிலேயே பாதிப் பேருக்குத் தெரியாது, இட்லிக்காரம்மா என்றால்தான் தெரியும். அந்த அம்மாவுக்கு ஒரே மகன் இருந்தான். பதின்மூன்று வயதில் காய்ச்சல் வந்து மூன்றே நாளில் போய்விட்டான். அது நடந்து பதினெட்டு வருடம் ஆகிறது. மறுவருடமே புருசன்காரர் வடமதுரைப் பக்கம் போய் வேறொரு பெண்ணோடு குடித்தனம் வைத்துக்கொண்டார். அன்றிலிருந்து அந்த அம்மா தனிதான்.

இதெல்லாம் ராயப்பராஜுக்குத் தெரியும். பையன் படுத்துக் கிடந்தபோது ஆஸ்பத்திரிக்கு ஓடியது, சவப்பெட்டியில் ஒரு பக்கத்தைத் தோளில் தாங்கியது, அன்று பெய்த தூறல், எல்லாம் நினைவிருக்கிறது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, தட்டில் நான்கு இட்லி வைத்துச் சாம்பாரை ஊற்றிக்கொண்டே செபாஸ்தியம்மாள் சொன்னாள். "நாளைக்கு அவனுக்குப் பூசை, உபதேசியாரே. வழக்கம்போலத்தான்."

"தெரியும் தங்கச்சி. நான் எழுதிர்றேன்" என்றார் ராயப்பராஜ். சொன்ன பிறகுதான் யோசித்தார். பேர் தெரியவில்லை.

வருடா வருடம் அந்த அம்மா பேரைச் சொல்வதே இல்லை. அவனுக்குப் பூசை என்பாள், அவ்வளவுதான். இவர் போன வருடத்துப் பூசை நோட்டை எடுத்து, அதே தேதியைப் புரட்டி, அதில் இருப்பதைப் பார்த்து எழுதிக்கொள்வார். இந்த வருடம் நோட்டு இல்லை. புதிதாக வந்த சாமியார் ஆபீசுக்கு வெள்ளையடித்தபோது பழைய நோட்டுகளை எல்லாம் மூட்டையாகக் கட்டிப் பழைய பேப்பர் கடைக்குப் போட்டுவிட்டார். மரணப் பதிவேடு சாமியாரின் அறையில் பீரோவுக்குள் இருக்கிறது. சாவியைக் கேட்டால், எதற்கு என்று கேட்பார். பதினேழு வருடமாகத் தானே வாசித்த பேர் தனக்குத் தெரியாது என்று அந்த இளவட்டச் சாமியாரிடம் எப்படிச் சொல்வது? மானம் போய்விடுமாம். அதனால் கேட்கவில்லை.

சாயங்காலம் டெய்சிக்குப் போன் போட்டார்.

"ஏய், நம்ம இட்லிக்காரம்மா மகன் இருந்தான்ல, அவன் பேரு என்னா?"

டெய்சி செத்த நேரம் யோசித்தாள். "இட்லிக்காரம்மா மகன்னுதான் எல்லாரும் சொல்லுவோம். வருசா வருசம் மைக்குல வாசிக்கிறது நீங்க. என்னையப் போய்க் கேக்குறீங்க?"

"நோட்டப் பாத்து வாசிக்கிறதுதான. மனசுல நிக்கல."

"அப்ப அந்தம்மாட்டயே கேளுங்க. பத்து எட்டு நடந்தா வீடு. கேட்டா என்ன, அடிச்சா போடும்?"

நியாயமான பேச்சு. ராயப்பராஜ் சட்டையை மாட்டிக்கொண்டு போகவும் போனார். வாசலில் செபாஸ்தியம்மாள் மறுநாளைக்கு உளுந்து களைந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்து, "என்ன உபதேசியாரே, இந்நேரத்துல?" என்றாள்.

இவர் கேட்க வந்ததை விட்டுவிட்டு, "நாளைக்கு இட்லி இருக்கும்ல?" என்று கேட்டார்.

"என்னைக்கு இல்லாம இருந்துச்சு?"

"அதான் கேட்டேன்" என்று திரும்பி நடந்துவிட்டார். இந்த மனிதரை வைத்துக்கொண்டு டெய்சி முப்பது வருடம் குடும்பம் நடத்தினாள் என்றால் அவளுக்குத்தான் பூசை வைக்க வேண்டும்.

ஆபீசுக்கு வந்ததும் ஒரு யோசனை வந்தது. பங்கிலுள்ள வீடு ஒவ்வொன்றுக்கும் ஒரு குடும்பக் கார்டு உண்டு. யார் யார் அந்த வீட்டில் இருக்கிறார்கள் என்று அதில் எழுதியிருக்கும். இட்லிக்காரம்மா வீட்டுக் கார்டைத் தேடி எடுத்தார். இவருடைய கையெழுத்தேதான். அதில் ரெண்டே பேர். ஒன்று செபாஸ்தியம்மாள். இன்னொன்று சூசைமாணிக்கம்.

ராயப்பராஜுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. புருசன்தான் விட்டுப் போய்ப் பதினேழு வருடம் ஆச்சே, அப்போ இந்த ஆம்பளைப் பேர் மகனுடையதாகத்தான் இருக்க வேண்டும். பதின்மூன்று வயதுப் பையனுக்கு இது கொஞ்சம் பழைய பேராக இருக்கிறதே என்று ஒரு கணம் உறுத்தியது. தாத்தா பேரை வைத்திருப்பார்கள் என்று அதற்கும் ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டார். பேர் மறக்கிறவர்களுக்கு இப்படிச் சமாதானம் சொல்லிக்கொள்ள மட்டும் நன்றாக வரும்.

அவர் யோசிக்காதது ஒன்று உண்டு. கார்டில் செத்தவர்களை எழுதுவதில்லை. ஆள் போனாலும் பேரை எடுக்க மனம் வராமல், செபாஸ்தியம்மாள் புருசன் பேரை அப்படியே விட்டுவைத்திருந்தாள்.

புதன்கிழமை காலை ஆறு மணிப் பூசை. நாற்பது ஐம்பது பேர் இருந்தார்கள். செபாஸ்தியம்மாள் பச்சைச் சேலை கட்டி, மூன்றாவது பெஞ்சில் ஓரமாக உட்கார்ந்திருந்தாள். வருடத்தில் இந்த ஒரு நாள்தான் அவள் கடையை ஏழரைக்குத் திறப்பாள். ராயப்பராஜ் மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு, நல்ல கணீரென்ற குரலில் வாசித்தார்.

"மரித்த சூசைமாணிக்கத்தின் ஆன்மா நித்திய இளைப்பாற்றி அடையும்படியாக, இன்றைய திருப்பலி ஒப்புக்கொடுக்கப்படுகிறது."

முதலில் ஒன்றும் இல்லை. பிறகு பெண்கள் பக்கம் நடுவிலிருந்து, "ஐயோ, என் தம்பி" என்று ஒரு அலறல் எழுந்தது. அலறியது ஆனந்தமேரி. சூசைமாணிக்கத்துக்குக் கூடப் பிறந்த அக்கா. நெஞ்சில் அடித்துக்கொண்டு அந்த அம்மா வெளியே ஓட, நாலு பெண்கள் பின்னால் ஓடினார்கள். யாரோ போனைப் போட்டுக் கையில் கொடுத்தார்கள். மறுமுனையில் எடுத்தது சூசைமாணிக்கமேதான். "மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு இருக்கேன், என்னக்கா?" என்றார்.

ராயப்பராஜ் மைக்கை அணைத்தார். அவர் மூன்றாவது பெஞ்சைப் பார்த்தார். செபாஸ்தியம்மாள் இவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபமாக இல்லை. பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர்கள், நிற்காமல் போன பஸ்ஸைப் பார்ப்பார்களே, அப்படிப் பார்த்தாள். பிறகு எழுந்து, முக்காட்டைச் சரி செய்துகொண்டு, பக்கவாசல் வழியாகப் போய்விட்டாள்.

பூசை முடிந்ததும் வாசலில் கூட்டம் கலையவில்லை. "விடுங்கக்கா, செத்துட்டான்னு பேச்சு வந்தா ஆயுசு கெட்டின்னு சொல்லுவாங்க" என்றார் பாட்டுக்குழுவில் ஒருவர். ஆனந்தமேரி விடுவதாக இல்லை. "ஆயுசு கெட்டியா? உசுரோட இருக்கறவனுக்குச் சாவுப் பூசை குடுத்துருக்கா. விட்டுட்டுப் போனான்னு வயித்தெரிச்சல். எம் தம்பிய மண்ணுக்குள்ள வைக்கணும்னு நெனச்சுத்தான் குடுத்துருக்கா" என்றார். கேட்டவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

சாமியார் உள்ளே அங்கியைக் கழற்றிக்கொண்டே கேட்டார். "என்ன உபதேசியாரே, யார் குடுத்த பூசை?"

"அந்த இட்லிக்காரம்மா குடுத்ததுதான் சாமி" என்றார் ராயப்பராஜ்.

இது பொய்யா? பொய்யில்லை. ஆனால் பொய்யைவிட மோசம். சொல்லி முடித்ததுமே அவருக்கு அது தெரிந்துவிட்டது. ஆனாலும் திருத்திச் சொல்ல நாக்கு எழவில்லை. ஆபீசுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தார். திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்தவா முடியும்? பசித்தது. இட்லிக்கடைப் பக்கம் போகப் பயமாக இருந்தது. அலமாரியில் இருந்த ரெண்டு வர்க்கியைத் தின்று தண்ணீர் குடித்தார்.

எட்டரை மணிக்கு அன்புக்கரசி டீச்சர் பள்ளிக்கூடம் போகிற வழியில் ஆபீஸ் சன்னலைத் தட்டினார். "உபதேசியாரே, கோயில் தெருவுல ஒரே சண்டை. ஆனந்தமேரிக்கா ஆளுகளக் கூட்டிட்டுப் போயி, இவ கையால யாரும் திங்காதீங்கன்னு கடை முன்னால நிக்குறாங்க. பாவம், அந்தம்மா ஒரு வார்த்த பேசாம நிக்குது."

ஒரு வார்த்தை பேசாமல் நிற்கிறாள். அதைக் கேட்டதும்தான் ராயப்பராஜ் எழுந்தார். அந்த அம்மா நினைத்தால், நான் சொல்லவில்லை, உபதேசியார்தான் தப்பாக வாசித்தார் என்று ஒரே வரியில் தப்பித்திருக்கலாம். இவரைக் காட்டிக்கொடுக்காமல் வாங்கிக் கட்டிக்கொண்டு நிற்கிறாள். அந்த நினைப்பில் செருப்பைக்கூட மாட்டாமல் நடந்தார்.

கடை முன்னால் பத்துப் பதினைந்து பேர். பெஞ்சில் ஒருவரும் இல்லை. அடுப்பில் இட்லிச்சட்டி ஆவி விட்டுக்கொண்டிருந்தது, எடுத்து வைக்க ஆளில்லை. ராயப்பராஜ் கூட்டத்துக்கு நடுவே போய் நின்றார்.

"இந்தம்மா மேல தப்பு இல்ல. பூசை மகனுக்குத்தான் குடுத்துச்சு. நாந்தான் பேர மாத்தி வாசிச்சுட்டேன்" என்றார். பிறகு ஐம்பத்தெட்டு வருடமாகச் சொல்லாததைச் சொன்னார். "எனக்கு அந்தப் பையன் பேரு மறந்துபோச்சு."

ஆனந்தமேரி இடுப்பில் கை வைத்துக்கொண்டார். "ஏன் உபதேசியாரே, அவளக் காப்பாத்தவா கத விடுறீங்க? வருசா வருசம் வாசிக்கிற பேரு எப்படி மறக்கும்?"

"மறக்கும். எனக்கு எல்லார் பேரும் மறக்கும்."

"அப்படியா? இருபத்தேழு வருசமா உங்களுக்கு என்னையத் தெரியும். எம் பேரு என்னா, சொல்லுங்க பாப்போம்."

ராயப்பராஜ் அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார். காலையிலிருந்து பத்துப் பேர் வாயில் கேட்ட பேர்தான். கடுகு சிந்தியே போய்விட்டது.

"உங்களுக்கு ரெண்டு மக" என்றார் கடைசியில், மெல்ல. "மூத்தவ ஓசூர்ல இருக்கா, ரெண்டாவது பிரசவம் ஆபரேசன். உங்களுக்கு இடது முட்டி ஆடிக்கு முன்னாலயே வீங்கிருச்சு, இன்னும் டாக்டர்ட்ட போகல. உங்க வீட்டுக்காரர் போனப்ப நீங்க மூணு நாள் பச்சத் தண்ணி பல்லுல படாம கெடந்தீங்க. நாந்தான் கஞ்சி கொண்டுவந்தேன். எல்லாம் தெரியும். பேரு தெரியலக்கா. மன்னிச்சுக்குங்க."

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். இன்னொருவர், "எம் பேரும் தெரியாதா உபதேசியாரே?" என்றார். "தெரியாது அப்பு" என்றார் இவர். அவ்வளவுதான், கூட்டம் முழுக்கச் சிரித்துவிட்டது. ஆளாளுக்கு எம் பேரு, எம் பேரு என்று கேட்க, இவர் தெரியாது தெரியாது என்று தலையாட்ட, சண்டை போட வந்த ஆனந்தமேரி திருதிருவென்று விழித்தார். கஞ்சியை நினைவுபடுத்திய பிறகு அவரால் என்ன பேச முடியும்? "கருமம், ஒரு உபதேசியாரு" என்று முனகி, கூட வந்தவர்களைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். நின்ற ரெண்டு மூன்று பேரும் கலைந்தார்கள்.

செபாஸ்தியம்மாள் அடுப்பை அணைத்தாள். இவரைப் பார்க்கவில்லை.

"எம்மேல கோவமா தங்கச்சி?" என்றார் ராயப்பராஜ். "உங்க வீட்டுக்காரர அப்படிச் சொன்னதுக்கு..."

"அந்தாளு செத்தா என்ன, இருந்தா என்ன" என்றாள் அவள். குரல் அப்போதுதான் உடைந்தது. "எம் பிள்ளைக்கு இன்னைக்குப் பூசை இல்லாமப் போச்சே, உபதேசியாரே. வருசத்துக்கு ஒருதரம் அவன் பேர நீங்க மைக்குல சொல்லுவீங்க. அதக் கேக்கத்தான் நான் வருவேன். வேற யாரு அவன் பேரச் சொல்லுறா? இட்லிக்காரம்மா மகன்ம்பாங்க. அதுவும் இப்ப யாரும் சொல்றதில்ல."

ராயப்பராஜ் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். மறந்தது ஒரு பேர் என்றுதான் இவ்வளவு நேரம் நினைத்திருந்தார். அந்தப் பையனுக்கு இந்த உலகத்தில் மிச்சம் இருந்ததே அது ஒன்றுதான் என்பது இப்போதுதான் உறைத்தது.

"இன்னும் பொழுது இருக்கு. சாமிட்ட உண்மையச் சொல்லி, சாயங்காலம் ஒரு பூசை வைக்கச் சொல்றேன். மாட்டேன்னு சொல்லமாட்டாரு. பேர மட்டும் சொல்லுங்க."

அவள் முடியாது என்று தலையை ஆட்டினாள்.

"ஏன் தங்கச்சி?"

"நான் சொல்றதில்ல." சேலை முந்தியை வாயில் அழுத்திக்கொண்டாள். "ஆஸ்பத்திரியில அன்னைக்கு விடிய விடியக் கூப்புட்டேன். அவன் என்னன்னு கேக்கல. அதுக்கப்புறம் என் வாயால கூப்புடுறதில்ல. கூப்புட்டு, பதில் வராம நிக்கிறது இருக்கே, அது என்னால முடியாது."

இத்தனை வருடமாக 'வழக்கம்போலத்தான்' என்று அவள் சொன்னதற்கு அர்த்தம் இதுதான் என்று ராயப்பராஜுக்கு விளங்கியது. அவர் எழுந்தார். "சொல்ல வேண்டாம் தங்கச்சி. சாமி பீரோவுல புஸ்தகம் இருக்கு. நான் அதுல பாத்து எழுதிக்கிறேன்."

அவர் வாசல்படி இறங்கியபோது அவள் கூப்பிட்டாள். "எழுத வேணாம், உபதேசியாரே. எழுதி எழுதித்தான மறந்தீங்க."

அவர் நின்றார். அவள் அவரைப் பார்க்காமல், இருட்டாக இருந்த வீட்டுக்குள்ளே பார்த்தாள். பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்ட பிள்ளையை எழுப்புகிற குரலில், சத்தமாக இல்லாமல், "ஏலே பிராங்கிளினு" என்றாள். உள்ளே சுவர்க் கடிகாரம் ஓடுகிற சத்தம்தான் கேட்டது. அவள் அதையும் கேட்டுக்கொண்டு நின்றாள். பிறகு அடுப்படியில் குத்தவைத்து உட்கார்ந்து, வாய்விட்டு அழுதாள். ராயப்பராஜும் அழுதார். தெருவில் போனவர்கள் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

கோயிலுக்குத் திரும்புகிற வழி முழுக்க அவர் அந்தப் பேரைச் சொல்லிக்கொண்டே நடந்தார். எதிரே வந்த ரெண்டு பேர் வணக்கம் வைத்தார்கள். பதில் சொன்னால் பேர் நழுவிவிடும் என்று பதில் சொல்லவில்லை. சாமியாரிடம் போய் முதலில் பேரைச் சொன்னார், பிறகுதான் நடந்ததைச் சொன்னார், காலையில் தான் சொன்ன பாதி உண்மையையும் சேர்த்து. சாமியார் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "ஆறரைக்கு மணி அடிங்க" என்றார். பதிவேட்டை எடுக்கட்டுமா என்று கேட்டதற்கு, வேண்டாம் என்றார் ராயப்பராஜ். பகல் முழுவதும் பெஞ்சைத் துடைத்தார், மெழுகுவர்த்தியைச் சுரண்டினார், மாதா சுரூபத்துக்கு முன்னால் நின்றார், எதைச் செய்தாலும் உதடு அசைந்துகொண்டே இருந்தது.

செய்தி எப்படியோ பரவியிருந்தது. சாயங்காலப் பூசைக்குக் காலையைவிட அதிகம் பேர் வந்திருந்தார்கள். ஆனந்தமேரியும் முட்டியைப் பிடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்திருந்தார். என்ன இருந்தாலும் தம்பி மகன் அல்லவா. ராயப்பராஜ் கையில் சீட்டு இல்லாமல் மைக் முன்னால் நின்றார். கூட்டத்தில் பாதிப் பேர் அவருக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

"நம்ம செபாஸ்தியம்மாளுடைய மகன், பிராங்கிளின். அவனுடைய ஆன்மா நித்திய இளைப்பாற்றி அடையும்படியாக."

மூன்றாவது பெஞ்சு ஓரத்தில் அந்த அம்மா கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

மறுநாள் காலை ராயப்பராஜ் தயங்கித் தயங்கித்தான் கடைக்குப் போனார். பெஞ்சில் வழக்கமான ஆட்கள் இருந்தார்கள். செபாஸ்தியம்மாள் ஒன்றும் நடக்காதது மாதிரி நான்கு இட்லியைத் தட்டில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தாள். கொடுத்துவிட்டுப் போகாமல், சாம்பார் வாளியோடு அங்கேயே நின்றாள்.

"பிராங்கிளினுக்கு இட்லின்னாலே ஆகாது, உபதேசியாரே" என்றாள். "தோசைதான் கேப்பான். யாவாரத்துக்கு மாவு பத்தாதுடா, நாளைக்குச் சுட்டுத் தாரேன், நாளைக்குச் சுட்டுத் தாரேன்னே சொல்லிக்கிட்டு இருந்தேன்."